கோடிப் பெட்டி

புத்தூர் தியேட்டரில் அன்றைக்கு ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் பெயர் 'இடிதாங்கி'. அதைப் பார்ப்பதற்காக நாராயணவனத்திலிருந்து பதினோரு பேர் ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் தாட்சாயணியும் ஒருத்தி. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் அவள் தாச்சா.

திரையில் ஒரு சந்தை. ஹீரோ ஒரு ரவுடியை உதைத்தார். ரவுடி மாடி உயரத்துக்குப் பறந்து, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு தக்காளி வண்டியின்மேல் விழுந்தான். வண்டி நொறுங்கியது. தக்காளி எல்லாம் சட்னி ஆனது.

தியேட்டரே குலுங்கியது. தாச்சாவின் அம்மா அம்சவேணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தாச்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி வைத்துத் தக்காளி விற்கிறவள். தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைத்து, அழுகல் பார்த்து, பெரிய தக்காளிகளை முன்னால் அடுக்குவது தாச்சாவின் வேலை.

"அம்மா, அந்த வண்டி யாருதும்மா?"

"எந்த வண்டிடி?"

"ஒடைஞ்சிபோச்சே, அதுதான்."

"ஐய! அது சினிமா வண்டிடி. வாய மூடிக்கினு படத்தப் பாரு."

தாச்சா பார்த்தாள். அடுத்த ரவுடி பூ வண்டியில் விழுந்தான். அதற்கடுத்தவன் இளநீர் வண்டியில் விழுந்தான். படம் முடிவதற்குள் ஏழு வண்டிகள் உடைந்தன. உடைந்த வண்டியைத் தேடி ஓர் ஆள்கூட வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் வேறு பேச்சே கிடையாது. சுதீர் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஹீரோ மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சுதீர் தாச்சாவின் பக்கத்துத் தெரு. அவன் வீட்டில் தெலுங்கு, தாச்சா வீட்டில் தமிழ். தெருவுக்கு வந்துவிட்டால் இரண்டையும் கலந்து பேசிக்கொள்வார்கள்.

"நான் மூணு தபா பாத்துட்டேன்! ஏமே தாச்சா, உனக்கு எந்த பைட்டு புடிச்சுது?" என்று கேட்டான் சுதீர்.

"எனக்குப் படமே புடிக்கல" என்றாள் தாச்சா.

பென்சில் சீவிக்கொண்டிருந்த சாய்குமார்கூடக் கையை நிறுத்திவிட்டான்.

"இன்னாது, புடிக்கலையா? ஐந்நூறு கோடி வசூல் ஆயிருக்குது!" என்றான் அவன்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? எனக்குப் புடிக்கல."

"ஊருக்கே புடிச்சிருக்குது. இவளுக்கு மட்டும் புடிக்கலையாம்! உம் பேரு இனிமே தாச்சா இல்ல. ப்ளாப்பு!" என்றான் சுதீர்.

அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கப் போனால் ப்ளாப்பு. கரும்பலகை துடைக்கப் போனால் ப்ளாப்பு.

அதுகூடப் பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டில்தான் தாச்சாவுக்கு வலித்தது. பள்ளியில் முட்டை போடும் நாளெல்லாம் சுதீர் தன் மஞ்சள் கருவைத் தாச்சாவின் தட்டில் வைப்பான். அவளுடைய வெள்ளைக் கருவை எடுத்துக்கொள்வான். ஒன்றாம் வகுப்பிலிருந்து நடக்கிற ஏற்பாடு அது. அன்றைக்கு அவன் மஞ்சள் கருவைச் சாய்குமாரின் தட்டில் வைத்தான்.

"உனக்கு மஞ்சக் கரு புடிக்காது. அதுக்காக நான் என்னிக்காவது உன்கிட்ட பேசாம இருந்தேனா?" என்று கேட்டாள் தாச்சா.

பதில் தெரியாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதையே சுதீர் செய்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாவம் தாச்சா, அந்தப் படத்தைப் பிடிக்கவைத்துக்கொள்ளவும் முயற்சி செய்துதான் பார்த்தாள். அப்பாவின் போனை வாங்கிப் படத்தின் பாட்டுகளை மூன்று தரம் கேட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, "இடிதாங்கி சூப்பர்!" என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த பெண் அதை நம்பவில்லை.

அடுத்த வாரம் ரத்னம்மா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். "வெள்ளிக்கெழம சாயந்தரம் ஸ்கூல் ஆண்டு விழா. அஞ்சாம் கிளாசுக்குப் பத்து நிமிஷம். என்ன செய்யப் போறீங்க?"

"இடிதாங்கி பைட்டு சீன், டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

"யாரும் யாரையும் நிஜமா அடிக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம். சுதீர் ஹீரோ, சாய்குமார் வில்லன். ஆளுக்கு ஒரு வேடம் கிடைத்தது. கடைசியில் தாச்சா மட்டும் மிச்சம்.

"அவளுக்குப் படமே புடிக்காது டீச்சர்" என்றான் சுதீர்.

தாச்சா எழுந்தாள். "நான் வண்டிக்காரம்மா வேஷம் போடறேன் டீச்சர்."

"அந்த சீன்ல வண்டி மட்டும்தான் கீது. ஆளே இல்ல" என்றான் சாய்குமார்.

"அப்ப வண்டி தானா நடந்து வந்து நின்னுச்சா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு, வண்டி வேண்டுமென்றால் தாச்சாவின் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். சுதீர் தாச்சாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சரி, நீயும் வா. ஆனா ஒரு வார்த்த பேசக் கூடாது. பைட்டு ஆரம்பிச்சதும் ஓடிப் போயிடணும்."

"சரி."

"புடிக்காத படம்னு வேணும்னே கெடுத்துட மாட்டியே?"

"மாட்டேன்" என்றாள் தாச்சா. ஏதாவது தப்பாகிப்போனால் எல்லோரும் தன்னைத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் சுதீர் எந்த நாளும் பேசவே மாட்டான்.

நான்கு நாள் அவளுக்கு ஓயாத வேலை. சாப்பிடுகிற பொருளைத் தரையில் கொட்டி மிதிக்க அவளுக்கு மனசு வரவில்லை. பழைய செய்தித்தாளை உருட்டி, சிவப்புக் காகிதம் சுற்றி, அறுபது தக்காளி செய்தாள்.

கதைக்கு இன்னொரு முக்கியமான பொருளும் உண்டு. வில்லன், "நூறு கோடி எங்கடா?" என்று கேட்பான். ஹீரோ ஒரு பெட்டியைத் திறந்து காட்டுவார். உள்ளே ஒன்றும் இருக்காது. உடனே சண்டை தொடங்கும். சுதீர் தன் வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டிக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தான். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் கோடிப் பெட்டி.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடை என்றால் பள்ளி வராந்தாதான். எதிரே மைதானம் நிறைய ஊர் ஜனங்கள். அம்சவேணி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தள்ளுவண்டியைப் பலகை போட்டு மேலே ஏற்றியிருந்தார்கள். வண்டி நிறையக் காகிதத் தக்காளி. அதன் பக்கத்தில் வண்டிக்காரம்மாவாகத் தாச்சா.

திரைக்குப் பின்னால் சாய்குமார் மீசை வரைந்துகொண்டிருந்தான். திடீரென்று, "ஐயோ, கோடிப் பெட்டி எங்க?" என்று அலறினான்.

பெட்டி சுதீர் வீட்டிலேயே நின்றுவிட்டது! சுதீரோ மேடையில் ஏறி ஆட ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்தில் சுதீரின் தங்கை பிரீத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. வீட்டுத் தெலுங்கு தவிர வேறு பாஷை அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் வீடு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

"பிரீத்தி! உங்க வூட்டுக்கு ஓடு! கோடிப் பெட்டி! கோடிப் பெட்டி எத்துக்கினு நேரா மேடைக்கு வா!" என்றான் சாய்குமார்.

பிரீத்தி கண்ணை அகல விரித்தாள். ஆனால் பெரிய அண்ணன் சொன்னால் காரணம் இருக்கும் அல்லவா? ஓடினாள்.

மேடையில் சாய்குமார் தொடையைத் தட்டினான். "டேய்! நூறு கோடி எங்கடா?"

"இதோ வருது!" என்று சுதீர் கையை நீட்டினான்.

பிரீத்தி வந்தாள். கையில் பெட்டி இல்லை. அவர்கள் வீட்டுச் செவலைக் கோழி இருந்தது.

தெலுங்கில் கோழிக்குக் கோடி என்று பெயர். பெட்டைக் கோழிக்குக் கோடிபெட்ட. சாய்குமார் தமிழில் கத்தியதைப் பிரீத்தி தெலுங்கில் கேட்டுக்கொண்டாள்!

மைதானம் இடிந்து விழுவது மாதிரி சிரித்தது. கோழி மிரண்டு, சிறகடித்து, வண்டியின்மேல் பாய்ந்தது. அறுபது தக்காளியும் நாலாபக்கமும் உருண்டன. யாரோ கடைசி வரிசையிலிருந்து, "படம் ப்ளாப்பு!" என்று கூவினார்கள்.

சுதீருக்கு வசனம் மறந்துவிட்டது. காது சிவந்துபோய்த் தங்கையை முறைத்தான். எங்கே தப்பு நடந்தது என்று பிரீத்திக்குத் தெரியவில்லை. தப்பு நடந்தது மட்டும் தெரிந்தது. அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

தாச்சா பேசக் கூடாது. ஓடிப் போய்விட வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தம். ஓடிப் போய்விட்டால் யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

அவள் பிரீத்தியின் முகத்தைப் பார்த்தாள். நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடி என் கண்ணு! நூறு கோடி கேட்டாரு, கரெக்டா ஒண்ணு கொண்டாந்துட்ட! யோவ் வில்லன், இது மொத கோடி. மீதி தொண்ணூத்தொம்பதும் பின்னால வந்துக்கினு கீது, எண்ணி வாங்கிக்க!"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. பிரீத்தியின் உதடு பிதுங்குவதை நிறுத்திக்கொண்டது.

சாய்குமார் விழித்துக்கொண்டான். "ஏய்! நான் கேட்ட கோடி இது இல்ல!"

"நீ தமிழ்ல கேட்டியா, தெலுங்குல கேட்டியா? மொதல்ல அத்த சொல்லு!"

ரத்னம்மா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் கோழி வண்டியிலிருந்து குதித்து ஓடியது. தாச்சா இடுப்பில் கை வைத்தாள். "ஹீரோ சார், இன்னா பாத்துக்கினு நிக்கிற? பெரிய இடிதாங்கின்னு பேரு, ஒரு கோழி புடிக்கத் தெரியல?"

சுதீர் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு சட்டென்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கோழியின் பின்னால் பாய்ந்தான். வில்லன் எதிர்ப்பக்கம் பாய்ந்தான். இருவர் தலையும் டொம்மென்று மோதின. நடுவில் புகுந்து கோழி தப்பித்தது. ரவுடிகள் எல்லோரும் குனிந்து வலை மாதிரி வளைத்தார்கள். கடைசியில் கோழி தானாகவே நடந்து வந்து பிரீத்தியின் காலடியில் உட்கார்ந்தது.

"சபாஷ்! இப்ப என் தக்காளிய யாரு பொறுக்கறது?" என்று கேட்டாள் தாச்சா.

ஹீரோ மண்டியிட்டார். வில்லன் மண்டியிட்டான். ரவுடிகள் எல்லோரும் ஒன்றொன்றாகப் பொறுக்கி வண்டியில் அடுக்கினார்கள்.

ஒரு தக்காளி உருண்டு மேடைக்குக் கீழே போய்விட்டது. முதல் வரிசையிலிருந்து அம்சவேணி எழுந்து வந்தாள். அதை எடுத்தாள். நிஜத் தக்காளி மாதிரி முந்தானையில் துடைத்து, மேடைமேல் வைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உட்காரும்போது மகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தாச்சாவுக்குத் தலையைத் தடவிக்கொடுத்தது மாதிரி இருந்தது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

விழா முடிந்து, வண்டியைக் கீழே இறக்கும்போது சுதீர் வந்து ஒரு கை பிடித்தான். பிரீத்தி கோழியை அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"பேச மாட்டேன்னு சொன்ன?" என்றான் சுதீர்.

"பிரீத்தி அழப் பாத்தா. எனக்கு வார்த்த தானா வந்துடுச்சு."

சுதீர் வண்டியைத் தள்ளினான். "நீ கெடுக்க வந்தேன்னு நெனச்சேன். நீதான் காப்பாத்துன." அப்புறம் ஆசையாகக் கேட்டான்: "இப்பவாவது சொல்லு. இடிதாங்கி நல்ல படம்தானே?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

தாச்சா நன்றாக யோசித்தாள். "அதுல ஒரு குதுர வருமே, அது நல்லா இருந்துச்சு."

சுதீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம நாங்க மறுபடியும் போறோம். நாலாவது தபா. நீ வர மாட்ட இல்ல?"

"வர மாட்டேன்."

"சரி, வராத. மூணு மணிக்கு நாங்க திரும்பிடுவோம். மாந்தோப்புல ஏழு கல்லு ஆடலாம். நீ நம்ம டீமு. வேற யார்கூடயும் சேந்துடாத, ஆமா."

"சேர மாட்டேன். ஆனா வந்து எனக்குக் கத சொல்லக் கூடாது."

"சொல்லல. பாட்டு மட்டும் பாடலாமா?"

"ஒரே ஒரு பாட்டு" என்றாள் தாச்சா.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் அவர்கள் மாந்தோப்புக்கு வந்துவிட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் ஒரே ஒரு பாட்டுத்தான் பாடினார்கள். ஒன்பது தடவை.