ஏழாம் கட்டிலின் தலைமாடு

"ஒன்பது. மருந்து இல்லை" என்றது நொதிமானி.

அடுத்த கட்டிலுக்கு உருண்டது. "இரண்டு. மருந்து உண்டு."

எட்டாம் கட்டிலில் தில்லைநாயகி கைகூப்பினாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு, கூப்பிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஏழில் இருந்தவள் பவளக்கொடி. ஐந்து வருடத்துக்கு முன் இதே வார்டில் பெருங்குடல் கட்டிக்கு மருந்து ஏற்றிக் குணமாகிப் போனவள். இப்போது கட்டி திரும்பியிருந்தது.

கட்டிக்குள் ஒரு நொதி உண்டு. அது மிகுந்தால், ஏற்றும் மருந்தைத் தின்று தீர்த்துவிடும். குறைந்தால் மருந்து கட்டியைத் தின்னும். நொதிமானி விடியலில் மயிரிழை ஊசியால் திசு எடுத்து, பத்துக்கு எத்தனை என்று சொல்லும். ஆறைத் தாண்டினால் மருந்துப் பெட்டகம் திறக்காது. எந்த மருத்துவரின் கையெழுத்துக்கும் திறக்காது.

"போன தடவை உங்களுக்கு ரெண்டுதான். இப்ப ஒன்பதுங்குது" என்றாள் டாக்டர் இறையரசி. "ஒரே ஆளுக்கு இவ்வளவு தாவ வாய்ப்பே இல்லையே!"

"ஒண்ணு கேக்கேன், ஏசாதீக. அது ஆளப் பாக்குமா, கட்டிலப் பாக்குமா?"

"கட்டில் நம்பரைத்தான். ஏன்?"

பவளக்கொடி எட்டாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பவும் எனக்கு ஏழுதாம்மா. தலைமாடு வடக்க இருக்கே, எப்படிப் படுக்க? எட்டுக்குத் தலைமாடு கிழக்க; அதுல ரெஜினா மேரின்னு ஒருத்தி. 'எனக்கு எல்லாத் திசையும் ஆண்டவருக்குத்தான்க்கா, இங்க வாங்க'ன்னு மாத்திப் படுத்தா. விடியக்காலைல இது குத்திட்டுப் போயிட்டு. அப்புறம் அவவ கட்டிலுக்கு அவவ வந்துட்டோம்."

இறையரசி பழைய பதிவுகளைத் திறந்தாள். ரெஜினா மேரி: ஒன்பது, மருந்து மறுப்பு, பதினொரு மாதத்தில் மரணம். கீழே பச்சை எழுத்தில், 'கணிப்பு சரி.' பவளக்கொடி: இரண்டு, மருந்து, குணம். 'கணிப்பு சரி.'

"நல்லா இருக்காளாம்மா அவ?"

இறையரசி திரையை மூடினாள்.

"இந்தத் தடவை தலகாணியக் கால்மாட்டுல போட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்" என்றாள் பவளக்கொடி. "அவ்வளவுதான் வேல. அன்னிக்கு அந்தப் புத்தி வரலியே, பாவி எனக்கு."

இறையரசி நொதிமானியின் பக்கம் திரும்பினாள். "திருத்தம் எழுது. கட்டில் மாறிப் படுத்திருக்காங்க; அந்த ஒன்பது இவங்களோடது, ஒன்பது இருந்தும் மருந்தால குணமாயிருக்காங்க."

"முப்பது ஆண்டுகளில் ஆறைத் தாண்டியவர்கள் நாற்பதாயிரம் பேர். மருந்தால் ஒருவரும் குணமாகவில்லை."

"ஒருத்தருக்காவது குடுத்தியா?"

"தகாதவருக்குக் கொடுப்பதில்லை. நோயாளியின் நினைவு சான்றாகாது. இரு பதிவுகளும் சரியாகவே உள்ளன."

எட்டாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மறுபடி எடுக்கச் சொல்லலாமா டாக்டர்?"

"ஒரே ஒரு மறுசோதனை உண்டு. நாளைக் காலைல."

"அப்ப நாளைக்கு ஏழுல நான் படுக்கேன். எனக்குத்தான் மருந்து சொல்லியாச்சே."

"வேண்டாந்தாயி" என்றாள் பவளக்கொடி. "ஒருத்தி பங்க வாங்கித் தின்னது போதும்."

"என் பங்கு என்கிட்டதானக்கா இருக்கு. யாருக்கும் குறையல."

பவளக்கொடி டாக்டரைப் பார்த்தாள். "மறுபடியும் மருந்து கேக்குமாம்மா எனக்கு?"

"தெரியலக்கா. ஒன்பதுக்குக் கேக்குமான்னு இதுவரைக்கும் யாரும் குடுத்துப் பாக்கல. உங்களுக்கு மட்டும்தான், அதுவும் தெரியாம."

மறுநாள் தில்லைநாயகி தலையணையை வடக்கே போட்டு ஏழாம் கட்டிலில் படுத்தாள். இறையரசி சுவரைப் பார்த்து நின்றாள்.

"இரண்டு. முந்தைய அளவு நீக்கப்பட்டது. மருந்து உண்டு."

பெட்டகம் திறந்தது.

எட்டு மாதம் கழித்துப் பவளக்கொடி நடந்தே வாசல் தாண்டினாள். அவள் பெயருக்குக் கீழே பச்சை எழுத்து விழுந்தது: 'கணிப்பு சரி.'

அன்று பன்னிரண்டாம் கட்டிலுக்கு மருந்து மறுக்கப்பட்டது. அந்த நோயாளியின் கணவன், "இந்த மெஷின் சொல்றத எப்படி நம்புறது?" என்று கேட்டான். நொதிமானி தன் சரியான கணிப்புகளை வரிசையாகக் காட்டியது. முதல் பெயர் பவளக்கொடி.