சப்பாத்தைக் கழற்றிய பிள்ளை

கடைக்குள் எல்லாரும் சப்பாத்தோடுதான் நடந்தார்கள். பிரபாலினிக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்து மழைக்கு ஒதுங்க வந்த இடம்தான். ஆனாலும் ஜப்பானிய வியாபாரி ஒருவரின் பழைய வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து மறுபடி பொருத்தி, பழம்பொருள் கடையாக்கியிருந்தார்கள். அந்த மினுங்கும் மரத்தரையைச் சேற்றுக் காலால் மிதிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

“தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறு,” என்றாள், ஐந்து வயது மகன் சேயோனிடம். அவளுடைய பூட்ஸின் ஜிப் இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு அப்படியே ஏறினாள்.

கடைக்காரப் பெண் குனிந்து, பிள்ளையின் சப்பாத்துகளை இரண்டு கைகளாலும் எடுத்தாள். “வாடிக்கையாளர்கள் கழற்றத் தேவையில்லை,” என்றாள் ஜெர்மனில், சிரித்த முகத்தோடு. “வீட்டு ஆட்கள்தான் கழற்றுவார்கள்.”

பிரபாலினிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் பிள்ளை வளர்ப்பு அப்படி.

கையில் தேநீர் வந்தது. பழைய பெட்டிகளின் கற்பூர வாசமும் ஈர மரத்தின் வாசமும் மூக்கில் ஏற, தெருவில் ட்ராம் போகும் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் தாள் ஒட்டிய கதவுகளுக்குப் பின்னால் வெறுங்கால்கள் ஓடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. முதலில் இரண்டு கால்கள். பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை.

“சேயோன், இஞ்ச வா. வீட்ட போவம்.”

“வாறன் அம்மா.”

வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் எப்போது போனார்கள்?

“சேயோன்!”

“வாறன்.”

தேநீரைக் கீழே வைத்தாள். கதவுத் தாளில் நிழல்கள், வரிசையாக, சம்மணமிட்டு. நடுவில் ஒரு சின்ன நிழல். அவனுடைய தலைதான்.

“தம்பி, அம்மா கூப்பிடுறன்.”

நிழல் திரும்பியது.

“ஆர் வேணும் உங்களுக்கு?”

அவன் குரல். அவனேதான்.

பாய்ந்தாள். கடைக்காரப் பெண் பணிவாகக் குறுக்கே வந்தாள். “மன்னிக்கவும். வாடிக்கையாளர்கள் வீட்டுப் பக்கம் போவதில்லை.”

தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள்.

செங்கல் சுவர். பழைய சுவர், ஈரமாக.

கைகளால் அறைந்தாள். நகத்தால் பிறாண்டினாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

உள்ளே கிண்ணத்தில் கரண்டி மெல்லத் தட்டுப்பட்டது. யாரோ ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, இன்னும் கொஞ்சம்,” என்றான் சேயோன்.