ஜமீனுக்கு விழாத மூன்றாவது குறி

செவ்வாய்க் கிரகத்தில் பூனைக்கு முடி வாருவதற்கு முன்னால், வாருகிறவர் நெற்றியில் உணர்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அது சட்டம். பூனையின் கழுத்துத் தோலுக்கடியில் உள்ள சில்லு, அதற்கு எங்கே இழுக்கிறது, எங்கே சுகமாக இருக்கிறது என்பதை அப்படியே பட்டைக்கு அனுப்பிவிடும். பூனைக்கு வலித்தால் மனிதருக்கும் அதே இடத்தில் வலிக்கும். கூடவே விலங்கு நலத் துறையின் பதிவேட்டில் ஒரு வலிக்குறி விழும். மூன்று குறி விழுந்தால் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மெய்யப்பன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன.

பூனையின் பெயர் ஜமீன். உடம்பெல்லாம் நீள முடி. குவிமாடத்துக்குள் காற்று வறட்சி என்பதால் முடி சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். முன்னங்கால் அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிக்கு திரண்டிருந்தது. போன வாரம் அதைச் சீப்பால் ஒரே இழுப்பாக இழுத்த மெய்யப்பன், தன் அக்குளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது குறி அப்படி வந்ததுதான்.

புதன்கிழமை அதிகாரி சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. சிக்கு அப்படியே இருந்தால் அதற்கும் ஒரு குறி உண்டு. எட்டு வயது மகள் தெய்வானைக்கோ ஜமீன் காலடியில் படுத்தால்தான் தூக்கம் வரும். பனிச்சுரங்கத்தில் பத்து நாள் வேலைக்குப் போயிருந்த மனைவி உமையாளைத் தொலைபேசியில் கூப்பிட்டான். கத்தரிக்கோலைத் தொடாதே, பூனைத் தோல் மெல்லிசு, முடியோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும் என்று அவள் எச்சரித்தாள்.

வேறு வழியில்லாமல் மெய்யப்பன் பொறுமையைக் கற்றுக்கொண்டான். முதலில் வெறும் கையால் தடவிக்கொடுத்தான். சிக்கில் ஒரு சிட்டிகை சோளமாவைத் தூவி, விரலால் இழை இழையாகப் பிரித்தான். தோல் இழுபடாமல் அடிமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி அகலப்பல் சீப்பால் வாரினான். வால் துடித்தால் நிறுத்தினான். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், பிறகு ஒரு துண்டு மீன். நான்காம் நாள் ஜமீன் மல்லாந்து படுத்துக் குர்குர்ரென்று சத்தமிட்டபோது பட்டை வழியாக வந்த சுகத்தில் மெய்யப்பனுக்கே கண் சொருகியது. சிக்கு மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

புதன் காலை அதிகாரி ரெஜினா வந்தாள். ஜமீனின் அக்குளைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள்.

"அஞ்சு நாளா ஒரு வலிகூட இல்லையே சார். இவ்வளவு பக்குவமா வாரின வீட்டை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிப் பாராட்டுப் பத்திரம் எழுத உட்கார்ந்தாள். மெய்யப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது தெய்வானை சீப்பும் ரிப்பனுமாக வந்து நின்றாள். பள்ளி வண்டி வர ஆறு நிமிடம்தான் இருந்தது. மெய்யப்பன் அவளை முழங்காலுக்கிடையில் நிறுத்தி, உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். அவள் வீலென்று கத்தினாள்.

"ஆடாம நில்லு. வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க."

இரண்டாவது இழுப்புக்கு இன்னும் பலமாகக் கத்தினாள். ஜமீன் துள்ளிக் குதித்துக் கட்டிலுக்கடியில் நுழைந்தது.

ரெஜினா எழுதுவதை நிறுத்தினாள். முகத்தில் கவலை தெரிந்தது.

"பாப்பா, சத்தம் போடாதம்மா" என்றாள். "பூனை பயப்படுது பாரு."

மெய்யப்பன் பதறிப்போய்ச் சீப்பைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து, ஒன்றுமில்லடா செல்லம் என்று பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தெய்வானை பாதி வாரிய தலையோடு வண்டியேறினாள்.