எட்டு மில்லிமீட்டரும் பன்னிரண்டு சீட்டுகளும்

"இந்தப் பர்ஸை எவன் செஞ்சான்?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் அவன் கேட்காமல் இருந்திருந்தால், மழை விட்டதும் அவரவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கேட்டுத் தொலைத்தான்...

நடந்தது இதுதான். திடீர் மழை. கடைத்தெருவில் எல்லோரும் ஓட, அப்பாவும் மகளும்கூட ஓடினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் அப்பாவின் வலது கால் மரத்துப்போயிற்று. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு அவள் ஒதுங்கிய வாசலில் 'பிசியோதெரபி' என்று பலகை தொங்கியது. நல்ல நேரம்தான் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

உள்ளே இருந்தவன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். அப்பாவைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து இடுப்பை அழுத்திப் பார்த்தான். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் ஏதோ கையில் இடித்தது. உருவி எடுத்தான். கறுப்புத் தோல் பர்ஸ். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இது பர்ஸா, செங்கல்லா? இது மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தா இடுப்பு சாயாம என்ன செய்யும், நரம்பு நசுங்காம என்ன செய்யும்? செஞ்சவனைக் கூட்டிட்டு வாங்க... ஒரு வாரம் அவனை இது மேல உட்கார வைக்கிறேன்!"

கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே அப்பா பேசினார். "இருபத்தஞ்சு வருஷமா உட்கார்ந்துதான் இருக்கேன். செஞ்சவன் நான்தான்."



பிசியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். காப்பாற்றுங்களேன் என்பதுபோல் அவளைப் பார்த்தான். பெரிய கண்கள்... அகப்பட்டுக்கொண்ட கண்கள். அவள் இமையில் ஒரு மழைத்துளி இன்னும் விழாமல் நின்றது. சிரிக்கக் கூடாது, சிரிக்கவே கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள். 'களுக்' என்று வெளியே வந்துவிட்டது.

அப்பா எழுந்துவிட்டார். "கால் சரியாயிடுச்சு. வாம்மா போலாம்." மழையிலேயே நொண்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.

கோபத்தில் பர்ஸை மேசை மேலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் பர்ஸை வாங்க அவள் போனாள். அப்பாவைத் தொழிலில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் பட்டறையில் தைத்த ஒவ்வொரு பர்ஸின் உள்மூலையிலும் ஒரு சின்னக் குருவி முத்திரை இருக்கும். அந்தக் குருவி உட்கார்ந்துவிட்டால் பர்ஸ் பேரன் காலம் வரை வரும் என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். அதை இளக்காரமாகப் பேசியவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதாக இல்லை அவள்.

"செங்கல்லை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"ஐயோ, மன்னிச்சிருங்க. உங்கப்பான்னு தெரியாம..."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் யோசித்தான். "கொஞ்சம் மெதுவா சொல்லியிருப்பேன்."

நாலு வார்த்தையும் அவளுக்கு மறந்துபோயிற்று. ஏனென்றால்... அவன் சொன்னதைத்தான் அவளும் இரண்டு வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்! ஒல்லியாக ஒரு பர்ஸ், ஆனால் குருவி முத்திரைக்குத் தகுந்த உழைப்போடு. அப்பா காது கொடுக்கவில்லை. ஒல்லியா இருந்தா அது காகிதம் என்பார், அவ்வளவுதான்.

"நீங்க எதுல வைக்கிறீங்க?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஆறு அட்டை, கொஞ்சம் ரூபாய் நோட்டு, குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட்!

"இதை வச்சுக்கிட்டுத்தான் எங்கப்பாவைக் குறை சொன்னீங்களா? குறை சொல்றது சுலபம் சார். ஒல்லியா ஒண்ணு செஞ்சு தரேன், கிழியாம வச்சிருந்து காட்டுங்க பார்க்கலாம்."

"எவ்வளவு ஒல்லியா?"

"ஆறு அட்டையோட மூடினா எட்டு மில்லிமீட்டர்."

"எட்டா? ஏழரை ஆகாதா?"

"பேரம் பேசாதீங்க."

"சரிங்க... மில்லிமீட்டர்."

அந்தப் பெயர் அன்றைக்கு அவளுக்கு ஒட்டியது.

பர்ஸை ஒல்லியாக்குவதற்குத் தோலை மட்டும் மெலிதாகச் சீவினால் போதாது. அட்டைப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடத்தில்தான் பருமன் ஏறுகிறது. அவள் ஒவ்வொரு பையிலும் வாய்ப்பகுதியை மட்டும் தோலில் வைத்தாள். உள்ளே இறங்குகிற அடிப்பகுதி முழுக்க மெல்லிய, முறுக்கான துணி. ஓரங்களைக் கத்தியால் சரிவாகச் சீவி, மூன்று அடுக்கு சேரும் இடத்திலும் ஒரு அடுக்கின் பருமனே இருக்கும்படி செய்தாள். வெளித்தோலையும் உள்தோலையும் ஒரே அளவில் வெட்டி, பலகையில் சமமாகப் பரப்பி ஒட்டித் தைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாள்.

பத்தாம் நாள் அவன் தயங்கித் தயங்கி அதை நீட்டினான். உள்தோல் மடிப்பில் சுருங்கிக் கசங்கியிருந்தது. வெளித்தோல் விறைப்பாக இழுபட்டு, மடிப்பில் இரண்டு தையல் அறுந்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. மடக்கினேன், நீட்டினேன், அவ்வளவுதான்" என்றான், அவன்தான் கிழித்ததுபோல.

அவளுக்குக் கண் கலங்கியது. இவன் முன்னால் அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ரப்பர் பேண்டையே திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாள் போனாள். கிளினிக்கில் வயதான அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மடக்குங்கம்மா... நீட்டுங்க... மடக்குங்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கை மடங்கும்போது உள்பக்கத் தோல் சுருங்குகிறது. வெளிப்பக்கம் வழவழவென்று இழுபடுகிறது. நீட்டினால் அதே வெளிப்பக்கம் தளர்ந்து சுருக்கம் விழுகிறது... அங்கே தோல் அதிகமாக இருக்கிறது! மடங்குவதற்காகவே கூடுதலாக வைத்திருக்கிறது!

"ஒரே அளவுல வெட்டினேனே... மக்கு!" என்று கத்தினாள்.

"யாரைச் சொல்றீங்க?" என்றான் அவன்.

"என்னைத்தான்! வெளித்தோல் நீளமா இருக்கணும். பரப்பி வச்சு ஒட்டக் கூடாது. மடக்கி வச்சுத்தான் ஒட்டணும்!"

வந்த காரியத்தைச் சொல்லாமலே ஓடினாள். அந்த அம்மாள் மடக்கிய கையோடு கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு என்னப்பா வலி?"

"தெரியலைம்மா" என்றான் அவன், வாசலையே பார்த்துக்கொண்டு. "எனக்கு இப்பதான் ஆரம்பிக்குது."

அப்பாவின் பர்ஸில் உள்பக்கம் இரண்டு தனித் துண்டுகள், நடுவில் இடைவெளி. அதனால் இந்தச் சிக்கலே அவருக்கு வந்ததில்லை. இவளுடையது ஒரே உள்தோல். வெளித்தோலை உள்தோலைவிட ஐந்து மில்லிமீட்டர் நீளமாக வெட்டினாள். உருளைக் கட்டை ஒன்றின் மேல் இரண்டையும் வளைத்து வைத்து ஒட்டினாள், வளைந்த நிலையிலேயே காயவிட்டாள். மெழுகு நூலில் தைத்தாள். விரித்தால் லேசாக வளைந்து நின்றது.

"கூன் விழுந்திருக்கு" என்றார் அப்பா.

"மூடிப் பாருங்கப்பா."

மூடினார். சுருக்கமில்லாமல் மூடியது. அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் மாஸ்டர் ஆயிற்றே, அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாரா?

"பன்னிரண்டு வாரம். அந்த மடக்கு நீட்டு டாக்டரே வச்சிருக்கட்டும், பின்பாக்கெட்டுல. ஒரு தையல் விடக் கூடாது. ஆறு அட்டையோட எட்டு மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. ஜெயிச்சா குருவி முத்திரை வச்சுக் கடையில முன்வரிசையில அடுக்குறேன். தோத்தா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். அதுக்குள்ள நானும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்."

அவளுடைய இரண்டு வருஷக் கனவு ஒருவன் பின்பாக்கெட்டில் போய் உட்காரப் போகிறது.

"பின்பாக்கெட்டா? என் பேஷண்டுங்க பார்த்தா மானம் போயிடுமே!" என்றான் பிசியோ. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டான். "செக் பண்ண வருவீங்களா?"

"வராம? வாரா வாரம் வருவேன். இது... தொழில் முறை."

வாரா வாரம் வந்தாள். தையலை எண்ணினாள், மடிப்பைப் பார்த்தாள். பர்ஸுக்கு அளவு வெட்டியதில் மீந்த அட்டைத் துண்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தாள்: 'வாரம் 1. தையல்: சரி. மடிப்பு: சரி. வைத்திருப்பவர்: சுமார்.'

"சுமாரா? நானா?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

நாலாம் வாரம் 'பரவாயில்லை' ஆனான். ஆறாம் வாரம் அவளுக்காகக் காபி வாங்கி வைத்து, அது ஆறிப்போய், அவனே குடித்துவிட்டு மறுபடி வாங்க ஓடியதால் 'கவனம் போதாது' ஆனான். ஒன்பதாம் வாரம் குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தெரு முழுக்க நனைந்துகொண்டே கூட நடந்தான். அன்றைய சீட்டை வீட்டில் போய்த்தான் எழுத முடிந்தது அவளுக்கு. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள்: 'தேறிவிட்டார்.'

வீட்டிலோ அப்பா நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொண்டார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஜெயித்தால்தான் இவர் கிளினிக் பக்கம் போவார் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவும் ஜெயிக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வாரம் முடிந்த மறுநாள் காலை பிசியோ பட்டறைக்கு வந்தான். தலை சீவியிருந்தான், சட்டைக் கையை இறக்கிப் பொத்தான்கூடப் போட்டிருந்தான். தோலும் மெழுகும் மணக்கும் அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

மாஸ்டர் பர்ஸை வாங்கினார். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். மடிப்பை விரலால் தடவினார். ஒரு நூல்கூட அசையவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

பருமன் அளக்கும் வெர்னியரை எடுத்தார். மூடிய பர்ஸின் மேல் தாடைகளை இறக்கினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு."

"இருக்காதுப்பா! செஞ்சப்போ நானே ஏழரை அளந்தேன்!"

"பதினொண்ணும்மா. நீயே பாரு. தோல் தளர்ந்துடுச்சு."

"தளரலைங்க!" பிசியோவின் குரல் கிறீச்சிட்டது. காது வரை சிவந்திருந்தான். "பர்ஸ் மேல தப்பில்ல. அது... என் தப்பு."

பர்ஸை வாங்கினான். அட்டைகளுக்குப் பின்னால் இருந்த பையில் இரண்டு விரலை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு அட்டைத் துண்டுகளை மேசை மேல் வைத்தான்.

அவள் கையெழுத்து!

"எட்டு மில்லிமீட்டர்னு தெரியும்தானே?" என்றார் மாஸ்டர். "வெளியே எடுத்து வச்சிருக்கலாமே?"

"காலையில எடுத்து வச்சேன் சார். கிளம்புறப்போ... மறுபடி உள்ளே வச்சுட்டேன். என்னால முடியல."

மாஸ்டர் வெறும் ஆறு அட்டையோடு பர்ஸை மூடி மறுபடி அளந்தார். "ஏழரை" என்றார். பிறகு சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "சுமார்... சுமார்... பரவாயில்லை... கவனம் போதாது... தேறிவிட்டார்..." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "தோல் பர்ஸை மாசத்துக்கு ஒருதரம் பார்த்தாலே அதிகம். வாரா வாரம் எதுக்கும்மா போனே?"

"அது... தொழில் முறைப்பா."

"யார் தொழில்ல?"

மாஸ்டர் இப்போது பிசியோவின் பக்கம் திரும்பினார். "பதினொரு மில்லிமீட்டரைப் பின்பாக்கெட்டுல வச்சு உட்கார்ந்தீங்களே... இடுப்பு வலிக்கலையா?"

"ரெண்டு வாரமா லேசா வலிக்குது சார்" என்றான் பாவமாக.

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் சுவரில் தொங்கிய தோல்கள் ஆடின. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருவி முத்திரையை எடுத்தார். பர்ஸின் உள்மூலையில் வைத்து, சுத்தியலை அவளிடம் நீட்டினார்.

"நீ அடி. உன் பர்ஸ்."

ஒரே அடி. குருவி உட்கார்ந்துவிட்டது. அவள் அழுதாள், இந்த முறை யாரிடமும் மறைக்கவில்லை.

மாஸ்டர் மெதுவாகத் தன் பின்பாக்கெட்டிலிருந்து செங்கல்லை உருவினார். மேசையில் வைத்தார். "தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளினிக் திறப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்கடைக்குப் போனார். முன்வரிசையைக் காலி செய்யும் சத்தம் கேட்டது.

பிசியோ கடைசிச் சீட்டை எடுத்து அவள் முன் வைத்தான். 'வாரம் 12. தையல்: சரி. மடிப்பு: சரி. வைத்திருப்பவர்: ...'

"இதுல வெறும் புள்ளிதான் இருக்கு, மில்லிமீட்டர். ஒரு நாள் பூரா யோசிச்சேன். பாஸா, பெயிலா?"

அவள் பென்சிலை எடுத்தாள். புள்ளிகளை அழித்தாள். எழுதினாள், எழுதி அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

'வைத்திருப்பவர்: ரொம்பப் பிடித்திருக்கிறது.'

அவன் படித்தான். மறுபடி படித்தான். அந்தப் பெரிய கண்கள் நிறைந்துபோயின.

"எனக்கும்" என்றான். "இடுப்பு வலிக்கிற அளவுக்குப் பிடிச்சிருக்கு." பிறகு பயந்துபோய்க் கேட்டான்: "பன்னிரண்டு வாரம் முடிஞ்சுபோச்சே... இனிமே செக்கிங் கிடையாதா?"

"பர்ஸுக்குக் கிடையாது" என்றாள் அவள். "உங்களுக்கு உண்டு... தினமும்."