தொப்பி போட்ட ‘ஓ’

அந்த ‘ஓ’வின் தலையில் ஒரு தொப்பி இருந்தது.

ஆங்கில எழுத்து ஓ. வட்டமான, சாதுவான ஓ. அதன் மேல் கூரை மாதிரி குட்டியாக ஒரு தொப்பி. அந்தத் தொப்பியால்தான் திங்கள்கிழமை சாயங்காலம் அம்மாவின் செல்போன் ‘டிங் டிங்’ என்று அலறிக்கொண்டே இருந்தது.

பூவிழி எட்டிப் பார்த்தாள். அம்மா வேலை செய்யும் ஓட்டலின் வாட்ஸாப் குழு. அம்மா எழுதிய ரிஜிஸ்டர் பக்கத்தை மேனேஜர் ஹரிகிருஷ்ணன் படம் பிடித்துப் போட்டிருந்தார்.

‘யாருப்பா ஓ-வுக்குத் தொப்பி மாட்டினது? கடற்கரையில வெயில் அதிகமோ?’

கீழே இருபத்தேழு சிரிக்கும் மூஞ்சிகள்.

அம்மா செல்வாம்பாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வெங்காயத்தைத் தொடுவதற்கு முன்பே கண்ணில் தண்ணீர்!

“என்னம்மா ஆச்சு?”

“ரிஜிஸ்டர் இனிமே இங்கிலீஷ்லதான் எழுதணுமாம். சனிக்கிழமை டெஸ்ட்டு. இருவது வார்த்தை. பதினெட்டு சரியா எழுதலன்னா என்னைக் காலாப்பட்டு கிளைக்கு மாத்திடுவாராம்.”

பூவிழிக்குப் பகீரென்றது. அவர்கள் வீடு தவளக்குப்பத்தில். ஊருக்குத் தெற்கே. காலாப்பட்டோ வடக்கே. ரெண்டு பஸ் மாறி அம்மா வீடு திரும்புவதற்குள் பூவிழி தூங்கியே போயிருப்பாள். அப்பாவும் லாரியில் வெளியூர் போய்விடுவார்.

“நான் டெஸ்ட்டுக்கே போவல. அத்தனை பேரும் சிரிச்சிட்டாங்க. போதும்” என்றாள் அம்மா.

“நீ போற!” பூவிழி தரையை ஓங்கி மிதித்தாள். “பதினெட்டு என்ன, இருபதும் வாங்குற!”

“யாரு சொல்லிக் குடுக்கறது?”

“நான்.”

“நீ இங்கிலீஷ்ல போன தடவ எவ்ளோ வாங்கின?”

பூவிழி கூரையைப் பார்த்தாள். “அது இப்ப எதுக்கும்மா?”

செவ்வாய்க்கிழமை துப்பறியும் வேலை ஆரம்பமானது. அம்மாவை எழுதச் சொன்னாள் பூவிழி. ஓட்டல். சூப். லாம்ப். லெட்டர். அட்ரஸ். ஐந்தும் தப்பு. மறுபடி எழுதச் சொன்னாள். ஐந்தும் தப்பு. ஆனால்…

பூவிழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா! ரெண்டு தடவையும் அதே தப்பு! எழுத்துகூட மாறல!”

“அதனால என்ன?”

“நான் ‘பியூட்டிஃபுல்’னு அஞ்சு தடவ எழுதினா அஞ்சு தினுசா எழுதுவேன். தெரியாதவங்க அப்படித்தான் எழுதுவாங்க. நீ யார்கிட்டயோ கத்துக்கிட்டு எழுதற. யாரும்மா அது?”

அம்மா யோசித்தாள். எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து பதினோரு வருஷம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுல வேல பாத்தேன். மார்க்கெட் லிஸ்ட்டு, போற எடம், வர்ற எடம் எல்லாம் அவங்க எழுதுவாங்க. நான் பாத்துப் பாத்து எழுதுவேன்.”

நோட்டைத் திறந்தாள் பூவிழி. மதாமின் சாய்ந்த கையெழுத்து. முதல் பக்கத்திலேயே ஓட்டல். அந்த ஓ-வின் தலையில், ஜம்மென்று, அதே தொப்பி!

“அம்மா, நீ தப்பே எழுதல! நீ பிரெஞ்சுல எழுதியிருக்க!”

“அது வேற, இது வேறயா?” அம்மா விழித்தாள். “பேச்சு வேறன்னு தெரியும். எழுத்து அதே ஏ, பி, சி, டி தானே? ஓட்டல் எங்க போனாலும் ஓட்டல்தானேடி?”

புதன்கிழமை இன்னொரு மாணவியும் சேர்ந்தாள். அம்மாவோடு வேலை பார்க்கும் அன்னக்கிளி. மீனவர் குப்பத்துக்காரி. குரல் அலையைவிடப் பெரியது.

“எனக்கும் டெஸ்ட்டு உண்டு பாப்பா! சோப்புக்கும் சூப்புக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல.”

“நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வேற அத்தை. சோப்புக்கு ஏ, சூப்புக்கு யூ. மாத்தி எழுதினீங்கன்னா சாப்பிட வந்தவங்க வாயில நுரை வரும்!”

மதாமின் நோட்டையும் பள்ளி அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூவிழி சட்டங்கள் போட்டாள்.

முதல் சட்டம், வாலை வெட்டு. சூப், லாம்ப், சாலட் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் கடைசியில் ஒரு ஈ தொங்குகிறது. வெட்டினால் ஆங்கிலம்.

“அப்போ டேபிளுக்கும் வெட்டணுமா?” என்றாள் அன்னக்கிளி.

பூவிழி அகராதியைப் புரட்டினாள். ஐயோ, அங்கே ஈ பத்திரமாக இருந்தது. ஒரு நொடி யோசித்தாள்.

“அது வால் இல்ல அத்தை, கால். வெட்டினா மேசை விழுந்துடும்.”

அட்ரஸில் அம்மா ஒரே ஒரு டி போட்டாள். “ரெண்டு டி-ம்மா. முன்னால ஒரு டோர், பின்னால ஒரு டோர். இல்லன்னா வீட்டுல காத்தே வராது.”

லெட்டரின் கடைசி ரெண்டு எழுத்து இடம் மாறி நின்றன. பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

வியாழக்கிழமைதான் தொப்பியின் ரகசியம் உடைந்தது. நோட்டில் ஹாஸ்பிடல் என்று இருந்தது. ஓ-வுக்குத் தொப்பி. ஆனால் எஸ்ஸைக் காணோம். ஃபாரஸ்ட். அங்கே ஈ-க்குத் தொப்பி. அங்கும் எஸ்ஸைக் காணோம்!

“கண்டுபிடிச்சிட்டேன்! தொப்பிக்கு அடியில எஸ் ஒளிஞ்சிருக்கு! தொப்பிய எடுத்தா எஸ் வெளிய குதிச்சிடும்!”

அம்மா கடகடவென்று எழுதினாள். ஹாஸ்பிடல், சரி. ஃபாரஸ்ட், சரி. பிறகு ஓட்டல். தொப்பியை எடுத்தாள், எஸ்ஸைப் போட்டாள்.

பூவிழி படித்தாள். “ஹாஸ்டல்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்த எஸ் வேலைக்கு மட்டம் போடுது” என்றாள் அன்னக்கிளி. “ஓட்டலுக்கு வராம ஹாஸ்டல்லயே தங்கிடுச்சு!”

அம்மா சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு.

சனிக்கிழமை மூன்று மணி. ஓட்டலின் பின்னறை. பன்னிரண்டு பேர் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பூவிழி வராந்தாவில் நின்றாள். சுவரோரம் புது நீலப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. வெள்ளை எழுத்து மின்னியது. பக்கத்தில் பெயின்ட் டப்பா.

“தொடாத பாப்பா, இன்னும் காயல” என்றார் ஹரிகிருஷ்ணன் பெருமையாக. “பிரெஞ்சு போர்டு. வெளிநாட்டுக்காரங்க சொந்த ஊருன்னு நெனச்சு நேரா உள்ள வந்துடணும்!”

டெஸ்ட் ஆரம்பித்தது. ஜன்னல் வழியே பூவிழி அம்மாவின் பேனாவையே பார்த்தாள். சோப். லாம்ப். டேபிள். அட்ரஸ்…

“கடைசி வார்த்தை.” மேனேஜரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு. “ஓட்டல்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா எழுதினாள். எச். ஓ. டி. ஈ. எல். பழக்க தோஷத்தில் பேனா மெல்ல மேலே ஏறியது. ஓ-வின் தலைக்கு நேராக நின்றது.

பூவிழி மூச்சை நிறுத்தினாள்.

பேனா கீழே இறங்கியது.

மேனேஜர் சிவப்புப் பேனாவோடு திருத்தினார். ஒரு தடவை பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

“செல்வாம்பாள்… பத்தொம்போது. அட்ரஸ்ல மூணு டி போட்டிருக்கீங்க.”

“காத்து நல்லா வரட்டும்னுதான் சார்” என்றாள் அம்மா.

“அன்னக்கிளி பதினெட்டு.”

அன்னக்கிளி போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“சரி, காலாப்பட்டு வேணாம். ரெண்டு பேரும் இங்கயே இருங்க” என்று மேனேஜர் எழுந்தார்.

அப்போது வராந்தாவிலிருந்து ஒரு குரல். “அம்மா! இங்க வா! சீக்கிரம்!”

எல்லோரும் ஓடினார்கள். பூவிழி நீலப் பலகையைச் சுட்டிக் காட்டினாள். அம்மா பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“சார், இது பிரெஞ்சுல எழுதினதுதானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஓட்டல்ல ஓ-வோட தொப்பிய காணோமே சார்!”

மேனேஜர் தன் போனில் தேடிப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

“உங்களுக்கு… பிரெஞ்சு தெரியுமா?”

“பதினோரு வருஷம் பழகினது. இங்க யாரும் கேக்கல. சிரிக்கத்தான் செஞ்சீங்க.”

அன்னக்கிளி அதற்குள் போனைத் தூக்கிவிட்டாள். “இருங்கக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல…”

“வேணாம் அன்னக்கிளி.” அம்மா அந்தப் போனைத் தாழ்த்தினாள். பிறகு மேனேஜரின் கண்ணை நேராகப் பார்த்தாள். “போர்ட நானே சரி பண்றேன் சார். ஆனா, குரூப்புல என்னைப் பத்திப் போட்டீங்களே, அதுக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க. அப்புறம்தான் தொப்பி.”

ஹரிகிருஷ்ணன் போனை எடுத்தார். போனில் தட்டினார்.

டிங். டிங். டிங். எல்லோர் பையிலும் போன் ஒலித்தது.

‘அந்தத் தொப்பி சரியான தொப்பிதான். சிரித்தது என் தப்பு.’

பூவிழி பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பலகை முன் குனிந்து, ஓ-வின் தலையில் அழகாக ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டினாள்.

அன்று மாலை பலகை வாசலில் ஏறியது. கடற்காற்று பிய்த்து வாங்கியது. தெருவில் போனவர்களின் துப்பட்டா பறந்தது, குடை பறந்தது, மேனேஜரின் காகிதங்கள் பறந்தன. ஓ-வின் தொப்பி மட்டும் அசையவே இல்லை.