மூன்றாவது மாடியில் மழைக்கோட்டு

“ஐயோ... என் செயினு!”

வேலப்பன்சாவடியின் அந்த நான்கு மாடி அடுக்ககத்தில், மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அலறலைக் கேட்டுக் கீழே தண்ணீர் லாரிக்காரர் குழாயைத் தவறவிட்டார்.

அலறியவள் சாமுண்டீஸ்வரி. வீட்டு எண் 302.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியவள் பீரோவைத் திறந்தாள். எட்டுப் பவுன் சங்கிலி இருந்த இடத்தில் வெறும் பெட்டி!

கதவு உடைக்கப்படவில்லை. வாசலில் பழைய ஷூவுக்குள் அவள் வைத்துவிட்டுப் போகும் சாவி, வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சாவி விஷயம் யாருக்கும் தெரியாது...

அங்கே குடியிருக்கும் இருபத்து நான்கு குடும்பங்களைத் தவிர!

மதியம் இரண்டு மணிக்கு சங்க அலுவலக அறையில் கூட்டம் கூடிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் அகல்யா இரண்டு டிவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாட்ச்மேன் தேவராஜ். ஐம்பது வயது. 

“கேமராக்காரர் வந்தாச்சா?”

“வந்துக்கினே கீறேன் மேடம்!”

தோளில் பையோடு உள்ளே நுழைந்தான் வரதன். நசரத்பேட்டைக்காரன். பதிவைப் பென்டிரைவில் எடுத்துக் கொடுக்க அழைக்கப்பட்டவன். மேசையடியில் இருந்த ஒயர்ச் சிக்கலைப் பார்த்ததும் அவனுக்கே தலை சுற்றியது.

“இன்னா சார் இது? பதினோரு கேமரா, ஆறு கம்பெனி! கல்யாண மண்டப வாசல்ல கெடக்குற செருப்பாட்டம் கீது. ஒண்ணுக்கும் ஜோடியே இல்ல!”

“எல்லாம் ஆஃபர்ல பார்த்துப் பார்த்து வாங்கினது” என்றார் தட்சிணாமூர்த்தி. சங்கச் செயலாளர். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “வாசல்ல பழைய ஒயர் கேமரா. அதுக்கு ஒரு ரெக்கார்டர் பெட்டி, ஒரு டிவி. மாடியில எல்லாம் புது வைஃபை கேமரா. அதுக்குத் தனிப் பெட்டி, தனி டிவி. ஒண்ணை ஒண்ணோட சேர்க்க முடியலைன்னா அது உங்க தொழில்ல இருக்கிற கோளாறு!”

வரதன் குனிந்து ஒயர்களை விலக்கத் தொடங்கினான்.

அகல்யா மாடி டிவியைச் சுட்டிக் காட்டினாள்.

“பாருங்க. மணி 11.17.”

ஹெல்மெட்... முழங்கால் வரை நீல மழைக்கோட்டு... கையுறை! ஓர் உருவம் ஷூவுக்குள்ளிருந்து சாவியை எடுத்து 302க்குள் நுழைந்தது. 11.20க்கு வெளியே வந்தது.

மே மாத வெயிலில் மழைக்கோட்டு போட்டவன் திருடனாகத்தான் இருப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“கோட்டு யாரோடது தேவராஜ்?”

“என்துதாம்மா... மீட்டர் ரூம் ஆணில மாட்டி வெச்சிருந்தேன். யாரோ எட்த்துக்கினு போய்க்கிறாங்க.”

“வாசல் டிவியைப் பாரு. 11.15க்கு உன் நாற்காலி காலி. 11.25க்குத்தான் திரும்பி வர்றே. நடுவுல 11.17. இதுக்கு என்ன சொல்றே?”

“டீ குடிக்கப் போனேம்மா! சத்தியமா! அடுத்த மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம்மா... அப்பன் திருடன்னு தெரிஞ்சா மாப்ள ஊட்ல வேணாம்னுடுவாங்கம்மா!”

சாமுண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

“மேடம், தேவராஜ் எடுத்திருக்க மாட்டாரு.”

“பின்னே? இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நீங்கதானே!” தட்சிணாமூர்த்தி பாய்ந்தார். “ஞாயித்துக்கிழமை செயலாளர் தேர்தல்ல எனக்கு எதிரா நிக்கப் போறாங்க மேடம். ஒரு வாட்ச்மேனையே பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரியல...”

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க சார்?” என்றாள் அகல்யா.

“நானா? வாசல் டிவியையே கேளுங்க. 11.17! கையில கீரைக்கட்டோட கேட்டுக்குள்ள வர்றேன். கேட்லயும் மூணாவது மாடியிலயும் ஒரே ஆள் இருக்க முடியுமா?”

முடியாதுதான். திரையில் கீரைக்கட்டு பளிச்சென்று தெரிந்தது.

அகல்யா எழுந்தாள்.

“தேவராஜ், ஜீப்ல ஏறு.”

தேவராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வரதன் பென்டிரைவைச் செருகப் போனவன், வாசல் டிவியின் மூலையைப் பார்த்தான். 2.31. தன் செல்போனைப் பார்த்தான். 2.21. மாடி டிவியைப் பார்த்தான்.

2.21!

“மேடம்... ஒரு நிமிசம்! வாசல் பெட்டி பத்து நிமிசம் முன்னாடி ஓடுது. மாடிப் பெட்டி இன்டர்நெட்லருந்து டைம் எட்த்துக்கும், அது கரீட்டு. இது கையால வெக்கிறது.”

அகல்யா திரும்பினாள்.

“சரி. இப்போ பத்து நிமிஷம் வித்தியாசம். காலையிலயும் அதேதான்னு எப்படி நம்பறது? இடையில கரண்ட் போய் மாறியிருந்தா?”

நியாயமான கேள்வி. வரதன் தரையில் உட்கார்ந்திருந்த தேவராஜைப் பார்த்தான். பிறகு, நெஞ்சை நிமிர்த்தி நின்ற செயலாளரைப் பார்த்தான்.

ஒரு பெருமூச்சு விட்டான்.

“அத்த சொல்ல முடியாது மேடம். டப்பா பெட்டி. உள்ள பேட்டரி பூட்ச்சி. டைமு அது இஷ்டத்துக்கு ஓடும். யாரோ வெவரம் தெரியாதவரு வாங்கி மாட்டிக்கிறாரு...”

“யாருடா விவரம் தெரியாதவன்?”

தட்சிணாமூர்த்தியின் முகம் சிவந்தது.

“பேட்டரியாம் பேட்டரி! அந்தப் பத்து நிமிஷத்தைக் கூட்டி வெச்சதே நான்டா! எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தான். அம்பத்தூர்லேர்ந்து ஆவடிக்கு முப்பத்திரண்டு வருஷம் வேலைக்குப் போனேன்... ஒரு நாள் ரயிலை விட்டதில்ல!”

“இருந்தாலும் சார், பேட்டரி...”

“தினமும் நானே செல்போனை வெச்சு சரிபார்க்கறேன்டா! இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கும் பார்த்தேன், மத்தியானம் ஒரு மணிக்கும் பார்த்தேன். டாண்ணு பத்து நிமிஷம்! ஒரு செகண்ட் மாறல!”

கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துவிட்டு, வீடே மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வது நம்மூரில் வழக்கம்தான். அதைக் கேமராவுக்கும் பழக்கிய பெருமை தட்சிணாமூர்த்தியையே சேரும்!

அகல்யா புன்னகைத்தபடி அதை அப்படியே எழுதிக் கொண்டாள்.

“அருமை சார். இப்ப கழிச்சுப் பார்ப்போமா? தேவராஜ் டீக்குப் போனது 11.05. திரும்பினது 11.15. தம்பி, வாசல் டிவியில 11.27 போடுங்க.”

வரதன் போட்டான். உண்மையான 11.17!

நாற்காலியில் தேவராஜ். வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டுக் கொண்டிருந்தான். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜ் மட்டும் தன் கொட்டாவியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

“அடுத்தது நீங்க சார்” என்றாள் அகல்யா. “கீரையோட நீங்க கேட்டைத் தாண்டினது 11.07. நாற்காலி காலி. மீட்டர் ரூம்ல கோட்டு. அதுக்கப்புறம் அந்தக் கேட்டு வழியா வேற யாரும் வரவே இல்ல. உங்க வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

தட்சிணாமூர்த்தி கதவுப் பக்கம் பார்த்தார்.

“அது... வந்து...”

“எங்க இருக்கு?”

“அரிசி டப்பாவுல...” குரல் கீரையைவிட வாடியிருந்தது. “திருடணும்னு இல்ல மேடம்! அவங்க வெச்ச ஆள் திருடன்னு ஆயிட்டா அவங்களுக்கு ஓட்டு விழாது. கோயிலுக்குப் போறதை வழியில பார்த்தேன்... நாற்காலியும் காலியா இருந்தது... தேர்தல் முடிஞ்சதும் எடுத்த இடத்துலயே வெச்சிடலாம்னுதான்...”

சாமுண்டீஸ்வரி அவரையே பார்த்தாள். கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகமாக வந்தது.

“சார்... நான் இன்னிக்குக் கோயிலுக்குப் போனதே, தேர்தல்ல நிக்கலாமா வேணாமான்னு பூப்போட்டுப் பார்க்கத்தான்.”

“என்ன வந்தது?”

“வேணாம்னு வந்துச்சு சார்!”

தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக் கொண்டார்.

தட்சிணாமூர்த்தியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. கேட்டை அடைத்துக்கொண்டு நின்றான் தேவராஜ். கண்ணீர் காய்ந்த முகம். கையில் ஒரு நோட்டு.

“என்னய்யா?” என்றாள் அகல்யா.

“வெளிய போறவங்க பேரு எழுதாம கேட்டைத் தொறக்கக் கூடாதுன்னு சார் போட்ட ரூலும்மா. பேரு எழுதிட்டேன். போற டைமும் எழுதிட்டேன்.” ஜீப்பின் பின் சீட்டை எட்டிப் பார்த்தான். “திரும்பி வர்ற டைமுன்னு ஒரு கட்டம் கீது சார்... அதுல இன்னா எழுதட்டும்?”