அழித்த பாடம்

“உங்கடை பாடத்தை ஒருநாள் நான்தான் அழிக்கப்போறன்,” என்றாள் மீனாம்பிகை.

“அழிச்சுப்பாரும். திரும்பி வந்து முதலிலை இருந்து தொடங்குவன்.”

“பலகையிலை தவளைக்கு எத்தினைதரம் இதயம் கீறுவியள்?”

“உமக்கு விளங்கும் வரைக்கும்.”

போரில் மின்சாரம் நின்றுபோகுமுன், அது இருந்த காலத்துப் பேச்சு அது. அவள் கல்லூரி நூலகத்தில் உதவியாளர்; கணவர் இராசநாயகம் அங்கேயே விலங்கியல் ஆசிரியர். தன் பாடங்களை வீடியோக் கசெற்றுகளில் பதிந்து நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், நெஞ்சைத் தடவிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். இண்டைக்குப் போகாதேங்கோ என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “போட்டு வாறன்,” என்றார் அவர். எங்கள் ஊரில் யாரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை; போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதான் சொல்வார்கள். மத்தியானம் நாலு பேர் உடலைத் தூக்கி வந்தார்கள். பின்னேரம் எரிக்கச் சுடலைக்குக் கொண்டுபோனபோது, பெண்கள் வழக்கம்போல் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். அவளும் நின்றாள். அன்று அழவில்லை. பிறகும் அழவில்லை.

இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டது. போர்க்காலத் தடையால் புதுக் கசெற் எங்கள் குடாநாட்டுக்குள் வராது. பழையதை அழித்து அதிலேயே புதுப் பாடம் பதிய வேண்டும்.

“மனம் கேக்காட்டில் நான் செய்யிறன், தங்கச்சி,” என்றார் நூலகர் நீக்கிலாப்பிள்ளை.

“இல்லை ஐயா. என்ரை வேலைதானே.”

“ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான் கிடக்கு. ஜெனரேற்றர் என்னைப்போலை கிழடு, இருமினால் படுத்திடும். அது நிக்கமுன்னம் வேலையைக் கெதியா முடியும்.” அவர் ஜெனரேற்றரை இயக்கப் பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போனார்.

மாரி மழை கூரையில் விடாமல் இரைந்தது. நனைந்த புத்தகங்களின் புளித்த வாடையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து, யன்னல் சாத்திய அந்த அறைக்குள் அசையாமல் நின்றன. மூன்று கசெற்றுகளை அழித்து, ஓடவிட்டுச் சரிபார்த்து, கொப்பியில் குறித்தாள். மூன்றும் வெறும் இருட்டு. கை தன்பாட்டில் வேலை செய்தது. நான்காவதின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணமாக்கும் என்று துடைத்தாள்.

அதையும் அழித்தாள். சரிபார்க்க ஓடவிட்டாள்.

அவர் கரும்பலகையில் இதயம் கீறிக்கொண்டிருந்தார்.

பிழையான பொத்தானை அமத்திவிட்டேன் என்று எண்ணி, முதலில் இருந்து மறுபடியும் அழித்தாள். மறுபடியும் ஓடவிட்டாள். அவர் இருந்தார். முன்பைவிடக் கிட்ட. கீறியது தவளையின் இதயம் அல்ல. தவளைக்கு மூன்று அறைகள், இதில் மனித இதயம்போல் நான்கு. ஓர் அறையை வெள்ளையால் முழுதாக அடைத்திருந்தார்.

அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினாள்.

மூன்றாம்முறை அழித்து ஓடவிட்டாள். இப்போது முகம் திரையை நிறைத்திருந்தது.

“ஆருக்கும் ஏதும் கேக்க இருக்கோ?”

எல்லாப் பாடத்திலும் அவர் அப்படிக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார், பிள்ளைகள் அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கட்டும் என்று. நின்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கண் இமைக்கவில்லை.

வெளியே ஜெனரேற்றர் இருமியது. நின்றது. விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

அதில் கரும்பலகை மட்டும் இருந்தது. அவர் இல்லை.

பின்னால் யாரோ எழும்புவதுபோல் கதிரை ஒன்று நிலத்தில் உரசியது.

மழைச் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

தோளில் ஒரு கை.

பார்வையை மட்டும் தாழ்த்தினாள். அவருடைய விரல்கள். சுண்ணக்கட்டி பிடித்து ஒருபக்கம் வளைந்த சுட்டுவிரல். வெள்ளைத் தூள் அவள் சேலையில் உதிர்ந்தது. தொட்டாள். சுண்ணாம்பு அல்ல. சாம்பல். இன்னும் சுட்டது.

காதோரம் அந்தக் குரல், அன்றைக்குப்போலவே.

“போட்டு வாறன்.”

கை தோளிலிருந்து மெல்லக் கழன்றது. அவள் திரும்பவில்லை. சுடச்சுட அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். விரல்கள் அவள் பிடிக்குள் ஒவ்வொன்றாகப் பொடிந்தன. பொடிந்தும் அவளை இறுக்கின.

“போகாதேங்கோ,” என்றாள்.